பாக் சூ ஏன் சிவப்பு விளக்கில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்: பிறையில் ஒரு புது டிரைவரின் பதினோராவது நாள்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் இருக்கும். ஜூரு டோலைத் தாண்டி பிறைப் பக்கம் வரும் அந்த நெரிசல் எப்படி இருக்கும் என்று பினாங்கில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பத்து காவானில் ஏற்றிய நாற்பது அடி கண்டெய்னரோடு ஒரு பிரைம் மூவர், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன் வண்டி, பட்டர்வொர்த் கண்டெய்னர் முனையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பலுக்கு அன்று இரவு கேட் மூடுகிறார்கள். இடது தடத்தில் ஊர்ந்து ஊர்ந்து வந்த வண்டி திடீரென்று கனத்துப்போனது. ஓட்டிய தம்பி கியர்தான் சரியில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மிதித்திருக்கிறான். டிரெய்லர் சக்கரங்கள் உருளாமல் தாரில் தேய்ந்துகொண்டே வந்தன, முப்பது மீட்டர் வாக்கில் இரண்டு கறுப்புக் கோடு, பின்னால் புகை. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஒதுங்கியதில் பக்கத்து காரின் கண்ணாடி போனது. நல்லவேளை, அதோடு முடிந்தது.

நெடுஞ்சாலை ரோந்துக் குழுவான பிளஸ்ரோண்டா வந்து கூம்பு வைத்து, புக்கிட் தெங்காவிலிருந்து போர்மன் வந்து வண்டியை நகர்த்தும்போது மணி எட்டரை. கண்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. திங்கட்கிழமை காலை ஆபீஸில் தம்பி கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள்: அலட்சியமாக ஓட்டியதால் இரண்டு டயர் சேதம், 1,600 வெள்ளி, மூன்று மாதத்தில் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

தம்பிக்கு வயசு 23, நிபோங் திபால் பையன். கனரக வண்டிக்கான ஈ லைசன்ஸ் எடுத்து, சரக்கு ஏற்றி ஓட்டுவதற்கான ஜிடிஎல் எடுத்து, எங்கள் யார்டில் சேர்ந்து அன்றைக்குப் பதினோராவது நாள். நான் அங்கே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறவன். விசாரணையில் 'சீனியர் டிரைவர்' என்று என்னையும் உட்கார வைத்தார்கள், கையெழுத்துப் போடத்தான். நான் போடவில்லை, ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். பிறையிலும் மாக் மண்டினிலும் இதே கதை எந்த யார்டில் நடந்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

முதலில் வண்டிக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். ஏர் பிரேக் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். காரில் பிரேக் பிடிப்பது எண்ணெய், லோரியில் காற்று. எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரஸர் காற்றை அடைத்து டாங்கிகளில் வைக்கிறது, முழுசாக நிறைந்தால் சுமார் 8 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு). மிதித்தால் அந்தக் காற்று போய் சக்கரத்தருகே இருக்கிற சேம்பரில் ஒரு ரப்பர் டயாபிரமைத் தள்ளும், அது தள்ளுகிற கம்பி பிரேக்கைப் பிடிக்கும். பார்க்கிங் பிரேக் இதற்கு நேர் எதிர். அங்கே பிடிப்பது ஒரு பெரிய ஸ்பிரிங், அதைப் பிடிக்காமல் அடக்கி வைத்திருப்பதுதான் காற்று. அதாவது காற்று போனால் லோரி பிரேக் இல்லாமல் ஓடாது, தானாகவே இறுகி நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கே நிற்கும், எப்போது நிற்கும் என்று அது உங்களைக் கேட்காது. அதனால்தான் சுமார் 4 பாருக்கு இறங்கும்போதே ஒரு பஸ்ஸர் கத்த வேண்டும், ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அதற்கும் கீழே போனால்தான் ஸ்பிரிங் தன் வேலையைக் காட்டும்.

ஜூருவில் நடந்தது அதுதான். காற்று இறங்கியது, டிரெய்லர் இறுகியது. பஸ்ஸர் மட்டும் கத்தவில்லை.

சனிக்கிழமையே போர்மன் கண்டுபிடித்துவிட்டார். டிரெய்லரின் நடு அச்சில் வலது சேம்பரின் டயாபிரம் கிழிந்திருந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு. இந்தக் கிழிசலில் ஒரு சங்கடம் உண்டு: பிரேக்கை மிதித்தால்தான் காற்று வெளியே போகும். மிதிக்காமல் நிறுத்தி வைத்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் ஒரு சத்தமும் கேட்காது. மிதிக்கிறவன் மேலே கேபினில் இருக்கிறான், சத்தம் பின்னால் பத்து மீட்டர் தள்ளி வருகிறது. முன்பு கெலிண்டான் என்று ஒருவன் கூட வருவான், அவன் கீழே நின்று கேட்பான். இப்போது எல்லோரும் தனியாகத்தான் ஓடுகிறோம்.

சரி, ஒரு கிழிசலுக்கு வண்டி நடு ரோட்டில் இறுகி நிற்குமா? நல்ல கம்ப்ரஸர் இருந்தால் நிற்காது, போகிற காற்றை அது ஈடுகட்டிவிடும். அதனால் யார்டில் நானும் போர்மனும் பிரைம் மூவரைத் தனியாக வைத்துப் பார்த்தோம். அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எஞ்சினை முறுக்கி வைத்தால் 85 பிஎஸ்ஐயிலிருந்து 100 பிஎஸ்ஐக்கு, அதாவது சுமார் 6 பாரிலிருந்து 7 பாருக்கு, 45 விநாடிக்குள் ஏற வேண்டும். எங்கள் வண்டிக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிஷம் பிடித்தது. டாங்கியின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்தால் தண்ணீர், அதோடு கறுப்பு எண்ணெய், ஒரு மினரல் வாட்டர் போத்தல் நிறைய. கம்ப்ரஸர் தேய்ந்து எண்ணெயைத் துப்புகிறது என்று அர்த்தம். யாரும் டாங்கியை வடித்துப் பல மாதம் ஆகிறது என்றும் அர்த்தம்.

ஆக, பிரைம் மூவரில் ஒரு நோய், டிரெய்லரில் ஒரு நோய். தனித்தனியாக இருந்தால் இரண்டுமே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்கு இரண்டையும் ஒன்றாக மாட்டினார்கள்.

யார் மாட்டினார்கள் என்பதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எங்கள் யார்டில் காலை ஐந்து மணிக்கே பழைய டிரைவர்கள் வந்துவிடுவோம். பசியாறக்கூட இல்லாமல் முதலில் நல்ல டிரெய்லரைப் பிடிப்போம். எந்த டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும், எதற்குக் கண்டெய்னரைப் பூட்டுகிற டுவிஸ்ட் லாக் இறுகாது, எதில் செலுப் டயர் (மேல் ரப்பர் மறுபடி ஒட்டிய பழைய டயர்) உரிந்துகொண்டிருக்கிறது என்று எங்களுக்கு மனப்பாடம். இந்த டிரெய்லரை ஒரு வாரமாக யாரும் எடுக்கவில்லை. 'பிரேக் லேட்டா பிடிக்குது' என்று ஒருவர் கொண்டுவந்து ஓரத்தில் விட்டிருந்தார், ரிப்போர்ட் எழுதவில்லை. நானும் இரண்டு தடவை அதைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றை மாட்டிக்கொண்டு போனவன்தான். ஆறரைக்கு வந்த தம்பிக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

பிரைம் மூவர் வந்த கதையும் இதே மாதிரிதான். அதைப் பதின்மூன்று வருஷம் ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர், நாங்கள் எல்லோரும் பாக் சூ என்று கூப்பிடுவோம். சர்க்கரை வியாதி, கால் புண் ஆறவில்லை, வேலையை விட்டுவிட்டார். அவரைப் பற்றி யார்டில் ஒரு கேலி உண்டு: சிவப்பு விளக்கில் நின்றால் பாக் சூ நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமிக்கொண்டே இருப்பார். வயசான காலத்தில் ரேஸுக்குப் போகிறார் என்று சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

புதன்கிழமை கெப்பாலா பத்தாஸுக்குப் போய் அவரைப் பார்த்தேன். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலில் கட்டு. கோப்பி ஓ வந்தது. ஜூரு கதையைச் சொன்னேன், கடைசி வரைக்கும் கேட்டார்.

"அந்தப் பையன் நிற்கும்போது காலை பிரேக்கிலேயே வைத்திருந்தானா?"

"ஆமாம் பாக் சூ."

"ஆக்ஸிலேட்டர் மிதிக்கலையா?"

"இல்லை."

"அப்ப நிற்காம என்ன செய்யும்?" என்றார்.

அந்த வண்டியின் கம்ப்ரஸர் ஐடலில் காற்றே தராது. அதனால் அவர் நின்ற இடத்தில் எல்லாம் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, காலை எடுத்துவிட்டு, எஞ்சினை முறுக்கிக் காற்று ஏற்றிக்கொள்வார். இரண்டு வருஷமாக அப்படித்தான் ஓட்டினாராம். மேட்டில் ஏறும்போதே அடுத்த இறக்கத்துக்கு வேண்டிய காற்றைச் சேர்த்துக்கொள்வார், நெரிசல் தெரிந்தால் நாலு கார் இடைவெளி விட்டு, பிரேக்கைத் தொடாமலே கியரில் ஊர்வார். அந்த வண்டி ஓடியது பாதி டீசலில், பாதி பாக் சூவின் தலைக்குள் இருந்த விஷயத்தில்.

பஸ்ஸரைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நான்தான் கழற்றினேன்." காலையில் ஸ்டார்ட் செய்தால் கால் மணி நேரம் கத்துமாம், நெரிசலில் கத்துமாம். மூன்று தடவை ஆபீஸில் சொன்னார், மூன்று தடவையும் 'அப்புறம் பார்க்கலாம்'. நாலாவது தடவை வயரைப் பிடுங்கிவிட்டார். வாகனச் சோதனைக்காகப் புஸ்பாகோமுக்குப் போகிற காலையில் மட்டும் மாட்டி, எஞ்சினை நன்றாக முறுக்கி டாங்கி நிறைத்துக்கொண்டு உள்ளே போவாராம், பாஸாகிவிடும். "எனக்குத் தெரியும், அதனால் எனக்குச் சத்தம் வேண்டாம். எனக்குப் பிறகு வருகிறவனைப் பற்றி யோசிக்கவில்லை." மனுஷன் கண் கலங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓரத்தில் கிடந்த டிரெய்லரைப் பார்த்துவிட்டுப் போன நான் என்ன சொல்வது.

இந்தக் கேஸில் என்னை உறுத்துவது இதுதான். பராமரிப்பு இல்லாத வண்டி ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்படிப்பட்ட வண்டி வருஷக்கணக்கில் ஓடுவது எப்படி? எங்களை மாதிரி அனுபவசாலிகள் அதன் ஓட்டையை எல்லாம் கையாலும் காலாலும் அடைத்து ஓட்டுவதால்தான். ஆபீஸுக்கு வண்டி நன்றாக இருக்கிற மாதிரியே தெரிகிறது, டிரிப் ஓடுகிறது, பணம் வருகிறது. புதுசாக ஒருவன் ஏறும்போது அந்த அடைப்பு போய்விடுகிறது, உடனே 'புது டிரைவர் வண்டியைக் கெடுத்துவிட்டான்' என்கிறார்கள். தம்பிக்கு அவர்கள் கையில் கொடுத்தது சாவி, எண்ணெய்க் கார்டு, டச் அண்ட் கோ கார்டு. பாக் சூ தலைக்குள் இருந்ததை யாரும் கொடுக்கவில்லை.

இன்னொன்று. கம்பெனியில் டீசல் மிச்சம் பிடித்தால் மாதம் நூறு வெள்ளி போனஸ். தம்பி அதை நம்பி, நிற்கும்போது எஞ்சினை முறுக்காமல் பொத்திப் பொத்தி ஓட்டியிருக்கிறான். டிரைவிங் ஸ்கூலிலும் அப்படித்தானே சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல வண்டிக்கு அது நல்ல பழக்கம். இந்த வண்டியில் அந்த நல்ல பழக்கம்தான் அவனை மாட்டிவிட்டது. ஜூருவிலிருந்து அரை மணி நேரம் பிரேக்கில் கால், எஞ்சின் ஐடலில், ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அந்தக் கிழிசல் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

தம்பி மேல் தப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏர் கேஜ் வேலை செய்தது, அதை அவன் பார்க்கவில்லை. 'பஸ்ஸர் கத்தினால் நில்' என்று பழகியவன், கத்தவில்லை என்றதும் எல்லாம் சரி என்று இருந்துவிட்டான். இன்னொன்று, அதற்கு இரண்டு நாள் முன்பு புதன்கிழமையே, வேறு டிரெய்லர் மாட்டியிருந்தபோதே, பிரேக் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. டிரிப் பிரித்துக் கொடுக்கிறவரிடம் கவுண்டரில் வாயால் சொன்னான். "பாத்து ஓட்டு தம்பி, சனிக்கிழமை போர்மன் பாப்பாரு" என்றாராம். விசாரணையில் அவர் அப்படி ஒன்றும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நாற்பது டிரைவர் கவுண்டரில் ஏதாவது சொல்கிறோம், எது அவர் காதில் நிற்கும்?

இதே சொல்லை வாட்ஸ்அப்பில் மூன்று வரியாகப் போட்டிருந்தால் கதை வேறு. வண்டி நம்பர், டிரெய்லர் நம்பர், என்ன கோளாறு, ஒரு படம் அல்லது கேஜ் ஊசி இறங்குகிற பதினைந்து விநாடி வீடியோ. 'சரி ஓட்டு' என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் வைத்துக்கொள்ள வேண்டும். பதிலே வராவிட்டாலும் பரவாயில்லை, நீல டிக் போதும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புது டிரைவர்கள் பயப்படுவது 'பெரிய பிரச்சனைக்காரன்' என்று பெயர் வந்துவிடுமோ என்றுதான். எனக்குப் புரிகிறது, நானும் அப்படி இருந்தவன். ஆனால் சம்மன் வந்தாலும் போலீஸ் வந்தாலும் ஸ்டியரிங் பிடித்தவன் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள்.

காலையில் செய்ய வேண்டிய சோதனையைச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு நான் யார்டிலேயே செய்து காட்டியது இது. டிரெய்லரை மாட்டி, டாங்கி நிறையும் வரை ஓடவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஊசி நிலைக்க ஒரு நொடி விட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டே ஒரு நிமிஷம் கேஜைப் பார்க்க வேண்டும். அமெரிக்க லைசன்ஸ் சோதனையில் டிரெய்லர் வண்டிக்கு நிமிஷத்துக்கு 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது, கிட்டத்தட்ட 0.3 பார். எங்கள் ஜோடி ஒரு நிமிஷத்தில் 8-லிருந்து ஆறரைக்கு வந்தது. மிதிக்காமல் பார்த்தால் ஊசி அசையவே இல்லை, அதனால்தான் மிதித்துக்கொண்டே பார் என்கிறேன். பிறகு சாவியை ஆன் செய்து, பிரேக்கை மிதித்து மிதித்து விட்டு காற்றை வேண்டுமென்றே இறக்க வேண்டும். 4 பார் வாக்கில் பஸ்ஸர் கத்தியே ஆக வேண்டும், கத்தாத வண்டியை கேட்டுக்கு வெளியே எடுக்கக் கூடாது. மொத்தமாக ஐந்தாறு நிமிஷம். கண்ணும் காலும் போதும், டூல்ஸ் எதுவும் வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை காலை இதைச் செய்திருந்தால் இரண்டு கோளாறும் யார்டிலேயே மாட்டியிருக்கும்.

இதைச் செய்து கோளாறு தெரிந்து, ஆபீஸும் ஓட்டத்தான் வேண்டும் என்றால்? இங்கே சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் 26ஏ என்று ஒரு பிரிவு: உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கவில்லை என்றால் தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று 27-ஆம் பிரிவு முன்பே இருக்கிறது. யார்டில் போய் சட்ட நம்பர் சொல்லிச் சண்டை போடச் சொல்லவில்லை. "பாஸ், பஸ்ஸர் கத்தலை, காற்று இறங்குது, வீடியோ அனுப்பியிருக்கேன், வேற வண்டி குடுங்க, இப்பவே ஓடுறேன்" என்றால் போதும். ஓட மாட்டேன் என்று சொல்லவில்லை, இந்த வண்டியில் ஓட மாட்டேன் என்கிறோம். அந்த வித்தியாசம் பெரிசு.

2025 மே 13 தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி எஃப்ஆர்யூ (கலகத் தடுப்புப் போலீஸ்) வாகனத்தில் மோதி ஒன்பது பேர் இறந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்டியரிங் கோளாறும் அதிக பாரமும் அந்த விசாரணையில் பேசப்பட்டன. அதற்குப் பிறகு எங்கள் யார்டிலும் கூட்டம் போட்டார்கள், தேநீரும் கறி பப்பும் கொடுத்தார்கள், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வருகிறது என்றார்கள். வரட்டும், நல்லதுதான். ஜூருவில் தம்பி போன வேகம் பத்து கிலோமீட்டர். வேகக் கருவிக்கு டயாபிரம் கிழிந்தது தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற சோதனைக்கும் தெரியாது, அந்த டிரெய்லர் சோதனைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது, ரப்பர் ஒரு வாரத்தில்கூடக் கிழியும். இதே ஜோடி நெரிசலில் இல்லாமல் புக்கிட் பெராப்பிட் இறக்கத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரியில் சில நேரம் யோசிப்பேன், பிறகு யோசிக்காமல் விட்டுவிடுவேன்.

1,600 வெள்ளி விஷயம். வேலைவாய்ப்புச் சட்டம் 1955, 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று வரையறுக்கிறது. டயருக்கு முதலாளி தானாகப் பிடித்துக்கொள்ளும் பட்டியலில் இடம் இல்லை. நான் ஆபீஸில் குரலை உயர்த்தவில்லை. போர்மனின் தாள், பஸ்ஸர் வயரின் படம், காற்று இறங்குகிற வீடியோ மூன்றையும் மேசையில் வைத்து, "தவுக்கே, இதைத் தொழிலாளர் இலாகாவில் காட்டினால் அவர்கள் டயரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்" என்றேன். அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிடித்தம் இல்லை என்று ஆனது. எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் தம்பி ஃபைலில் வைத்துவிட்டார்கள், அதை எடுக்க முடியவில்லை. நானும் கையெழுத்துப் போடவில்லை.

பிரைம் மூவருக்கு ரீகண்டிஷன் கம்ப்ரஸர் மாட்டினார்கள், பஸ்ஸர் வயரையும் போர்மன் சேர்த்துவிட்டார், இப்போது காலையில் இரண்டு நிமிஷம் கத்திவிட்டு அடங்குகிறது. டிரெய்லருக்குக் கிழிந்த டயாபிரமை மாற்றிவிட்டு மறுநாளே வெளியே அனுப்பினார்கள். மூன்று அச்சு, ஆறு சேம்பர். மாற்றியது ஒன்று, மற்ற ஐந்தும் அதே வயசு. டிரெய்லர் நம்பரைத் தம்பி போனில் சேமித்து வைத்திருக்கிறான். அதை யார் மாட்டிக்கொண்டு கிளம்பினாலும் போய், "அண்ணே, மிதிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்கிறான். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் இறங்கி வந்து கட்டை வைக்கிறார்கள்.